நாள் தள்ளிப்போகும் முன்னே

கருவுற்றதை நம் வீடுகளில் யாரும் நேரே சொல்வதில்லை. "நாள் தள்ளிப்போயிருக்கு" என்பார்கள். கொஞ்சம் பழைய ஆட்களானால் "முழுகாம இருக்கா" என்பார்கள். வர வேண்டியது வரவில்லை, தலைக்குக் குளிக்க வேண்டிய நாளில் குளிக்கவில்லை என்பதுதான் அடையாளம். உள்ளே என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. வெளியே ஒன்று நடக்காமல் போனதை வைத்து ஊகித்துக்கொள்கிறோம்.

இந்த வழக்கில் ஓர் ஆச்சரியமான துல்லியம் ஒளிந்திருக்கிறது. 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 14ஆம் நாளை ஒட்டிக் கருமுட்டை வெளிவருகிறது. அது விந்தணுவோடு சேர்ந்தால், நாள் தள்ளிப்போகும் அன்று கருவின் வயது சுமார் இரண்டு வாரம். அந்த நாளை ஒட்டித்தான் கருவில் முதல் கோடு விழுகிறது. அதுவரை கரு ஒரு சின்னஞ்சிறு தட்டு. அதன் ஓரத்தில் ஒரு பள்ளம் தோன்றி நடுவை நோக்கி ஓடுகிறது. தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம், வலம் எது, இடம் எது என்பதெல்லாம் அந்தக் கோட்டோடுதான் கண்ணுக்குப் புலப்படுகின்றன. தாய்க்குச் சந்தேகம் வரும் நாளும் கருவுக்குத் திசை வரும் நாளும் ஒன்றாக அமைந்திருக்கின்றன.

அதற்கு முந்தைய இரண்டு வாரக் கதை, சுமப்பவளுக்கே தெரியாமல் நடந்து முடிந்துவிடுகிறது. அதில் இடறல்கள் ஏராளம். அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸும் அவருடைய சகாக்களும் 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக, குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த 221 பெண்கள் தினமும் காலைச் சிறுநீரைச் சேமித்துக் கொடுத்தார்கள். அதில் கரு சுரக்கும் ஹார்மோன் இருக்கிறதா என்று தேடினார்கள். 198 கருத்தரிப்புகள் தெரியவந்தன. அவற்றில் 22 விழுக்காடு, கருவுற்றதை யாரும் அறிவதற்கு முன்பே கலைந்துபோயிருந்தன. "இந்த மாசம் நாலு நாள் தள்ளி வந்துச்சு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போகும் பெண்களில் சிலர், தாங்கள் அறியாமலேயே ஒரு கருவை இழந்தவர்கள். ஏன் கலைந்தது என்று கேட்டால் மருத்துவத்திடம் முழுப் பதில் இல்லை. எதையும் பார்க்க முடிந்ததில்லை என்பதே காரணம்.

இனிக் கருவின் வயதைக் கருவுற்ற நாளிலிருந்தே எண்ணுகிறேன். டாக்டர்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவார்கள், அந்தக் கணக்கில் இரண்டு வாரம் கூடுதலாக வரும்.

முதல் வாரம் ஓரளவு தெரிந்த கதை. செயற்கைக் கருத்தரிப்பு மையங்களில் அதைத் தினமும் கண்ணால் பார்க்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே இருக்கும் ஒற்றைச் செல் இரண்டாகி, நான்காகி, எட்டாகி, ஐந்தாம் நாளில் உள்ளே நீர் கோத்த ஒரு பந்தாக நிற்கிறது. இதைப் பிளாஸ்டோசிஸ்ட் என்கிறார்கள். அந்தப் பந்தின் ஓடு நஞ்சுக்கொடியாகும். உள்ளே ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு கொத்துதான் குழந்தைக்கானது. அதுவும் முழுதாக இல்லை. அந்தக் கொத்திலும் ஒரு பகுதி பிரிந்து மஞ்சள்கருப் பைக்குப் போய்விடுகிறது.

இந்தக் கட்டத்தில் கருவைக் கருப்பைக்குள் வைத்தாக வேண்டும். அதன் பிறகு திரை விழுந்துவிடும். கரு, கருப்பையின் உட்சுவரைத் துளைத்து அதற்குள் புதைகிறது. புதைந்த இடத்தில் தன்னைக் கலைத்து அடுக்கிக்கொள்கிறது. மேலே பனிக்குடம், கீழே மஞ்சள்கருப் பை, நடுவே இரண்டே அடுக்குள்ள தட்டு. அதில் மேலடுக்கிலிருந்துதான் குழந்தையின் உடம்பு முழுவதும் வரப்போகிறது. அடுத்து அந்த முதல் கோடு. அதன் வழியே மேலடுக்குச் செல்கள் உள்ளே இறங்கி மூன்று அடுக்குகளாகப் பிரிகின்றன. புற அடுக்கிலிருந்து தோலும் நரம்பும், நடு அடுக்கிலிருந்து எலும்பும் தசையும் இரத்தமும், அக அடுக்கிலிருந்து குடலும் ஈரலும் நுரையீரலின் உள்வரியும் உருவாகும். ஸ்கேனில் கரு முதன்முதலாகக் கண்ணில் படும்போது அதற்கு ஏறக்குறைய நான்கு வாரம் ஆகியிருக்கும். அதற்குள் இதயம் துடிக்கத் தொடங்கிவிட்டிருக்கும். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழல் மூடிக்கொண்டிருக்கும், அல்லது மூடாமல் விட்டிருக்கும்.

போலிக் அமில மாத்திரையைக் கருவுறும் முன்பிருந்தே சாப்பிடச் சொல்வது இதனால்தான். நரம்புக்குழல் மூடாத குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மாருக்கு அந்த மாத்திரை கொடுத்தால், அதே குறை மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைகிறது என்று 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய சோதனை காட்டியது. குழல் 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், இன்னும் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்து, மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்கிவரும்போது பெரும்பாலும் காரியம் முடிந்திருக்கும். இதைத் தெரியாமல் இருக்கும் இளம் பெண்கள் இன்னும் நிறையப் பேர். அதனால் கட்டுரையின் போக்கிலிருந்து விலகியாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

திரைக்குப் பின்னால் இருப்பது நமக்கு எப்படித் தெரிந்தது? பாடப்புத்தகங்களில் வரையப்பட்ட அந்த இரண்டடுக்குத் தட்டை யார் பார்த்தார்கள்?

அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில் ஏழைப் பெண்களுக்கான இலவச மருத்துவமனை ஒன்று இருந்தது. 1938இலிருந்து சுமார் 15 ஆண்டுகள், ஜான் ராக் என்ற மகப்பேறு மருத்துவரும் ஆர்தர் ஹெர்டிக் என்ற நோய்க்கூறியல் மருத்துவரும் அங்கே ஒரு தேடலில் இறங்கினார்கள். வேறு மருத்துவக் காரணங்களுக்காகக் கருப்பையை எடுக்க வேண்டியிருந்த பெண்கள், ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள், தாம்பத்திய உறவு கொண்ட தேதிகளைக் குறித்துவைத்துக் கொடுத்தார்கள். அறுவை சிகிச்சை மாதச் சுழற்சியின் பின்பாதியில் நடந்தது. எடுத்த கருப்பையைத் திறந்து, உட்சுவரை உருப்பெருக்கியால் அங்குலம் அங்குலமாகத் தேடுவார்கள். 210 பெண்கள். கிடைத்தவை 34 கருக்கள். மிக இளையது இரண்டு நாள், மூத்தது 17 நாள். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இயல்பாக வளராதவை. இயற்கையில் எத்தனை கருக்கள் தொடக்கத்திலேயே தடுமாறுகின்றன என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

அந்தக் கருக்களை மெழுகில் பதித்து, மயிரிழையைவிட மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றிக் கண்ணாடியில் ஒட்டினார்கள். கார்னகி சேகரிப்பு என்ற தொகுப்பில் அவை சேர்ந்தன. கருவின் முதல் எட்டு வாரங்களை 23 கட்டங்களாகப் பிரிக்கும் 'கார்னகி நிலைகள்' அந்தத் தொகுப்பை வைத்து வகுக்கப்பட்டவை. இன்றைய அளவுகோலின்படி அந்தப் பெண்களிடம் முறையான சம்மதம் பெறப்பட்டதா என்று கேட்டால் நேர்மையான பதில் சங்கடமானது. ஆனால் உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் இரண்டாம் வாரப் படம் அவர்கள் தந்தது. பெயர் இல்லாத அந்தப் பெண்களுக்கு மனிதகுலம் கடன்பட்டிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சீவல்களில் ஒரு குறை உண்டு. அவை அசைவதில்லை. ஒன்பதாம் நாள் கரு ஒரு கண்ணாடியில், பன்னிரண்டாம் நாள் கரு இன்னொரு கண்ணாடியில். முதலாவது எப்படி இரண்டாவதாக மாறியது என்பதை அவை சொல்லாது.

எலியிடம் கேட்கலாமே என்றால், எலியின் கரு இந்தக் கட்டத்தில் மனிதக் கருவைப் போல இருப்பதே இல்லை. நம்முடையது தட்டு, அதனுடையது கிண்ணம். கருப்பைச் சுவரில் ஒட்டும்போதுகூட மனிதக் கரு குழந்தைக் கொத்து இருக்கும் பக்கமாக ஒட்டுகிறது, எலிக்கரு எதிர்ப்பக்கமாக. மருந்தின் விளைவிலும் எலிக்கும் மனிதருக்கும் இப்படி வித்தியாசம் உண்டு என்பதைக் கொடூரமாகக் காட்டியது தாலிடோமைடு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த அந்தத் தூக்க மாத்திரையைக் கர்ப்பிணிகள் மசக்கைக்கும் சாப்பிட்டார்கள். 1961இன் இறுதியில் அதை நிறுத்துவதற்குள் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்தார்கள். கருவுக்கு 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரையிலான சிறு இடைவெளியில் மருந்து போனாலே போதுமானதாயிருந்தது. எலிகளையோ அது அப்படிப் பாதிப்பதில்லை. காரணத்தின் முக்கியமான ஒரு பகுதி 2018இல்தான் பிடிபட்டது. கை கால் வளர்ச்சிக்கு வேண்டிய எஸ்.ஏ.எல்.எல்.4 என்ற புரதத்தை மனிதச் செல்லில் அந்த மருந்து அழிக்கிறது. எலியின் புரதங்களில் இருக்கும் சின்னஞ்சிறு எழுத்து வேறுபாடுகளால் அங்கே அது நடப்பதில்லை.

மனிதக் கருவைத்தான் பார்க்க வேண்டும், ஆனால் மனிதக் கருவைப் பார்க்க முடியாது. இந்த முட்டுச்சந்தில் வழி திறந்தது ஸ்டெம் செல்லால். 1998இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன், பிளாஸ்டோசிஸ்ட்டின் அந்த உள்கொத்திலிருந்து செல்களை எடுத்துத் தட்டில் தொடர்ந்து வளர வைத்தார். 2007இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, வளர்ந்த மனிதரின் தோல் செல்லையே பின்னோக்கித் திருப்பி அதே நிலைக்குக் கொண்டுவந்தார். உடம்பின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய செல்கள் இப்போது எத்தனை வேண்டுமானாலும் கிடைத்தன. அவற்றுக்கு வடிவம் மட்டும் இல்லை. தட்டில் விட்டால் கிடைத்த பக்கமெல்லாம் பரவி, இங்கொன்று நரம்பாகவும் அங்கொன்று தசையாகவும் தாறுமாறாக மாறும்.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆர்யே வார்ம்ஃப்ளாஷ், எரிக் சிக்கியா, அலி பிரிவன்லூ ஆகியோர் 2014இல் வெளியிட்ட சோதனையை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அதன் எளிமை அப்படி. கண்ணாடித் தகட்டில், செல்கள் ஒட்டிக்கொள்ளும் புரதத்தைச் சின்னச் சின்ன வட்டங்களாக அச்சிட்டார்கள். குறுக்களவு ஒரு மில்லிமீட்டரும் அதற்குக் குறைவும். வெல்லம் தடவிய இடத்தில் மட்டும் எறும்பு மொய்ப்பதுபோல, ஸ்டெம் செல்கள் அந்த வட்டங்களில் மட்டும் ஒட்டி நிரம்பின. பிறகு பி.எம்.பி.4 என்ற ஒரே ஒரு சமிக்ஞைப் புரதத்தை ஊடகத்தில் கலந்தார்கள். எல்லாச் செல்லுக்கும் ஒரே அளவில், ஒரே நேரத்தில். ஏறக்குறைய இரண்டு நாள் கழித்துச் சாயக்குறிகள் இட்டுப் பார்த்தால், ஒவ்வொரு வட்டத்திலும் வளையம் வளையமாகப் பிரிந்திருந்தது. நடுவே புற அடுக்கு, அதைச் சுற்றி நடு அடுக்கு, அதற்கு வெளியே அக அடுக்கு, ஓரத்தில் நஞ்சுக்கொடிச் செல்களை ஒத்தவை. ஒரு வட்டத்தில் மட்டுமா என்றால் இல்லை. பக்கத்திலிருந்த வட்டங்கள் எல்லாவற்றிலும் அதே வரிசை.

அத்தனை செல்லுக்கும் ஒரே கட்டளைதானே போனது, பின் ஏன் வேறு வேறாக நடந்துகொண்டன? விடை, எங்கே இருக்கிறோம் என்பதில் இருந்தது. திருவிழாக் கூட்டத்தின் நடுவில் நசுங்கிக்கொண்டு நிற்பவருக்கு வெளியிலிருந்து கூப்பிடுவது கேட்காது. வட்டத்தின் நடுவே நெருக்கியடித்து நிற்கும் செல்களில், அந்தச் சமிக்ஞையைப் பிடிக்கும் ஏற்பிகள் பக்கவாட்டிலும் அடியிலும் மறைந்துகிடக்கின்றன. மேலிருந்து வரும் புரதம் அவற்றைத் தொடுவதில்லை. ஓரத்துச் செல்லுக்கு ஒரு பக்கம் திறந்தவெளி, அது தெளிவாகக் கேட்கிறது. இன்னொன்றும் நடக்கிறது. சமிக்ஞை கிடைத்த செல்கள் அதைத் தணிக்கும் நாகின் என்ற புரதத்தையும் சுரக்கின்றன. ஓரத்தில் அது வெளியே கசிந்து போய்விடும். நடுவில் தேங்கிவிடும். இந்த இரண்டாலும் ஒவ்வொரு செல்லும் விளிம்பிலிருந்து தான் எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்கிறது. வட்டத்தை மிகச் சிறிதாக அச்சிட்டுப் பார்த்தபோது ஓரத்து வளையங்கள் அப்படியே இருக்க, நடு வளையம் காணாமல்போனது. மையத்திலிருந்து எண்ணுவதாக இருந்தால் நேர்மாறாக நடந்திருக்கும்.

கருவளர்ச்சியைக் கட்டட வரைபடம்போல மரபணுவில் எழுதி வைத்திருக்கிறது என்று பள்ளியில் நாம் படித்த பாடத்தை இந்த வட்டம் திருத்திவிடுகிறது. மரபணுவில் இருப்பது, இப்படிக் கேட்டால் அப்படிச் செய் என்ற வகை விதிகள். அக்கம்பக்கமும் விளிம்பும் சேர்ந்தால்தான் அந்த விதிகளிலிருந்து வடிவம் பிறக்கிறது.

ஆனாலும் அது வட்டம்தான். உண்மைக் கருவில் கோடு ஒரு பக்கத்தில் மட்டும் விழும், இதில் வளையமாகச் சுற்றிலும் விழுகிறது. அந்த ஒரு பக்கச் சாய்வை வேறொரு வழியில் காட்டியவர் கேம்பிரிட்ஜில் அல்ஃபோன்ஸோ மார்ட்டினெஸ் அரியாஸ். அதே 2014இல் அவருடைய குழு சுமார் 300 எலி ஸ்டெம் செல்களை உருண்டையாகத் திரட்டி, விண்ட் என்ற சமிக்ஞையைத் தூண்டும் வேதிப்பொருளை ஒரே ஒரு நாள் கொடுத்து எடுத்துவிட்டது. உருண்டை தானாக நீண்டது. ஒரு முனை வால்பக்கமானது. யாரும் முன் எது, பின் எது என்று காட்டித்தரவில்லை. இவற்றைக் கேஸ்ட்ருலாய்டு என்கிறார்கள். 2020இல் மனித ஸ்டெம் செல்களிலும் இது கைகூடியது. மூன்றே நாளில், ஏறத்தாழ 18 முதல் 21 நாள் கருவில் காணப்படும் மரபணு அடுக்குமுறை அதில் தெரிந்தது. மூளைக்கான பகுதி அதில் உருவாவதில்லை. நஞ்சுக்கொடியும் இல்லை. ஆகவே அது எந்நாளும் குழந்தையாக முடியாது. இதைக் குறையாகச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதுவே அதன் பெரிய நற்குணமாகத் தெரிகிறது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதுகெலும்பின் கதை இதைவிட அழகு. முதுகெலும்பாகவும் விலா எலும்பாகவும் ஆகப்போகும் கட்டிகள், மணி கோப்பதுபோல இணை இணையாக, தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமாகத் தோன்றுகின்றன. ஒவ்வொரு இணைக்கும் இடையில் குறிப்பிட்ட நேரம் உண்டு. செல்லுக்குள் சில மரபணுக்கள் கடிகாரம்போல எரிந்து அணைவதுதான் அந்தத் தாளம். மனிதரில் அந்தக் கடிகாரத்தை யாரும் ஓடும்போது பார்த்ததில்லை. 2020இல் ஜப்பானிலும் ஹார்வர்டிலும் இரண்டு குழுக்கள் மனித ஸ்டெம் செல்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்து, கடிகார மரபணு வேலை செய்யும்போதெல்லாம் ஒளிரும்படி செய்தன. இருட்டில் செல்கள் மின்மினிபோல ஒளிர்ந்து அணைந்தன, சுமார் ஐந்து மணிநேரத்துக்கு ஒருமுறை. எலியின் செல்களில் அதில் பாதி நேரம். மனிதக் கடிகார மரபணுவை எலிச் செல்லுக்குள் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் எலியின் வேகத்திலேயே ஓடியது. ஆக, வேகத்தை அந்த ஒரு மரபணு தீர்மானிப்பதில்லை. செல்லின் உள்வேதியியலே மனிதரில் நிதானமாக நடக்கிறது. பிறகு கியோட்டோவில், பிறவியிலேயே முதுகெலும்பு கோணும் நோயோடு தொடர்புடைய மரபணுத் திரிபுகளைக் கொண்ட செல்களில் இதே மாதிரியை வளர்த்து, கட்டிகள் எந்த இடத்தில் கோணுகின்றன என்று பார்த்தார்கள். பிறந்த பிறகு எக்ஸ்ரேயில் பார்க்கும் ஒரு குறை, தொடங்கும் மணிநேரத்திலேயே கண்முன் வந்தது.

இதுவரை சொன்னவை கருவின் துண்டுகள். முழுக் கருவை ஒத்த மாதிரியைச் செய்ய முயன்றவர்களும் உண்டு. 2021 மார்ச்சில் டெக்சாஸில் ஜுன் வூவின் குழுவும், மெல்போர்னில் ஹோசே போலோவின் குழுவும் மனிதச் செல்களிலிருந்து பிளாஸ்டோசிஸ்ட்டை ஒத்த உருண்டைகளை உண்டாக்கினார்கள். போலோவின் குழு தோல் செல்லைப் பின்னோக்கித் திருப்பும்போதே அவை திரண்டன. அவ்வாண்டின் இறுதியில் வியன்னாவில் நிக்கோலா ரிவ்ரோன் குழு பத்துக்கு ஏழுக்கு மேல் சரியாக உருவாகும் முறையைக் கண்டது. கருப்பை உட்சுவரின் செல்களைத் தட்டில் வளர்த்து, இந்த உருண்டைகளை அவற்றின்மேல் விட்டார்கள். ஹார்மோன் கொடுத்துத் தயார்ப்படுத்திய சுவரில் ஒட்டிக்கொண்டன. தயார்ப்படுத்தாத சுவரில் ஒட்டவில்லை. ஒட்டியவையும் குழந்தைக் கொத்து இருக்கும் பக்கமாகவே, மனிதக் கருவைப் போலவே ஒட்டின. நல்ல கருவை வைத்தும் ஏன் ஒட்டவில்லை என்று செயற்கைக் கருத்தரிப்பில் மாதாமாதம் எழும் கேள்வியைத் தட்டில் வைத்துக் கேட்க முடிந்தது.

2023இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஜேக்கப் ஹன்னாவின் குழு இன்னும் தூரம் போனது. மனித ஸ்டெம் செல்களை மூன்று பங்காக்கி, ஒரு பங்கை அப்படியே விட்டு, மற்றவற்றை வேதிப்பொருள்களால் நஞ்சுக்கொடிக்கும் மஞ்சள்கருப் பைக்கும் சுற்றுத் திசுவுக்கும் தயார்ப்படுத்தி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தார்கள். நூறு திரள்களில் ஒன்றிரண்டுதான் தேறின. தேறியவற்றில் பனிக்குடம் இருந்தது, மஞ்சள்கருப் பை இருந்தது, நடுவே அந்த இரண்டடுக்குத் தட்டு இருந்தது. ஏறத்தாழ 14 நாள் கருவின் அமைப்பு. முட்டையும் இல்லை, விந்தணுவும் இல்லை, கருப்பையும் இல்லை. அவை மிதந்த ஊடகத்தை எடுத்துக் கடையில் விற்கும் கர்ப்பப் பரிசோதனையில் இட்டபோது கர்ப்பம் என்றே காட்டியது.

நாள் தள்ளிப்போன வீட்டில், குளியலறையில் கைநடுங்கப் பார்க்கும் அதே கோடு. ஒரு கண்ணாடிக் குடுவையின் நீர் அந்தக் கோட்டைக் காட்டியது என்று படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் ஒரு திடுக்கிடலும் சேர்ந்தே வந்தன. அந்த மாதிரிகளில் ஒரு பாடமும் கிடைத்தது. நஞ்சுக்கொடிச் செல்கள் கருவைச் சரியாகச் சுற்றி மூடாத திரள்களில் மஞ்சள்கருப் பை முதலிய உள்ளமைப்புகளும் சரியாக வளரவில்லை. கருக்கலைவைக் கருவின் குறையாக மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு, சுற்றியுள்ள துணைத் திசுக்களையும் கவனிக்கச் சொல்கிறது அது.

இந்தத் திரள்கள் என்ன? கருவா, இல்லையா? 1978இல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்த பிறகு, பிரிட்டனில் மேரி வார்னாக் என்ற தத்துவ அறிஞர் தலைமையில் அமைந்த குழு 1984இல், ஆய்வகத்தில் மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. 1990இல் அது அங்கே சட்டமானது. இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதலும் அதே எல்லையை வைத்திருக்கிறது. அந்த எல்லைக்குக் காரணம் உண்டு: முதல் கோடு விழும் முன் ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையர் ஆகலாம். கோடு விழுந்த பின் அது ஒரு தனி உயிர் என்று கொள்ள இடமிருக்கிறது. ஆனால் கேஸ்ட்ருலாய்டு முதல் நாளிலிருந்து தொடங்குவதே இல்லை. மூன்றே நாளில் 18ஆம் நாளை ஒத்த நிலைக்கு வந்துவிடுகிறது. நாளை எண்ணும் சட்டம் அதை எப்படி அளக்கும்?

2023இல் சீன விஞ்ஞானிகள் குரங்கின் ஸ்டெம் செல்லிலிருந்து செய்த பிளாஸ்டோசிஸ்ட் மாதிரிகளை எட்டுப் பெண் குரங்குகளின் கருப்பையில் வைத்தார்கள். மூன்றில் கர்ப்பத்தின் தொடக்கக் குறிகள் தெரிந்தன, பிறகு மறைந்துவிட்டன. இப்போதைக்கு இவை உயிராகும் வல்லமை அற்றவை என்பதற்கு அதுவே ஆதாரம். நாளைக்கும் அப்படியே இருக்கும் என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது. சர்வதேச ஸ்டெம் செல் ஆய்வுச் சங்கம் 2025இல் புதுப்பித்த வழிகாட்டுதலில், முப்பரிமாண மாதிரிகள் எல்லாமே மேற்பார்வைக்கு உட்பட வேண்டும், எந்தக் கட்டத்தில் நிறுத்துவோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கிறது. மனிதரின் கருப்பையிலோ விலங்கின் கருப்பையிலோ வைக்கவே கூடாது, உடலுக்கு வெளியே உயிர்பிழைக்கும் நிலைவரை வளர்க்கவும் கூடாது என்று தடுக்கிறது. இதில் எனக்கு முழு உடன்பாடு.

ஒரு படி கூடுதலாகவும் சொல்வேன். கேள்விக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே கட்ட வேண்டும். முதுகெலும்புக் கடிகாரத்தைக் கேட்க மூளை வேண்டியதில்லை. ஒரு புது மருந்து தொடக்க வாரங்களில் கருவைக் குலைக்குமா என்று சோதிக்கக் கேஸ்ட்ருலாய்டுகள் ஏற்கெனவே பயன்படத் தொடங்கிவிட்டன, அதற்கும் முழுக்கரு வேண்டாம். கரு ஏன் சுவரில் ஒட்டவில்லை, நஞ்சுக்கொடி ஏன் சூழவில்லை என்பதுபோன்ற கேள்விகளுக்கு மட்டும்தான் ரிவ்ரோனுடையதையோ ஹன்னாவினுடையதையோ போன்ற முழு மாதிரி வேண்டும். அவற்றைக் குறைவாக, தயங்கித் தயங்கிச் செய்வதே முறை. இன்னொன்றும் இருக்கிறது. ஏதோ ஓர் ஆய்வுக்கென்று ஒருவர் தோலையோ இரத்தத்தையோ கொடுத்திருப்பார். அந்தச் செல் ஒருநாள் கருவைப் போன்ற ஒன்றாகத் திரளும் என்று அவருக்குச் சொன்னார்களா? பத்தாண்டுக்கு முன் வாங்கிய கையெழுத்தில் இது இருக்காது. மறுபடி கேட்டாக வேண்டும்.

மாதிரி எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் அது சரியா என்று ஒப்பிட உண்மைக் கரு வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் ஷங்கர் ஸ்ரீநிவாஸின் குழு 2021இல், கருக்கலைப்பு செய்துகொண்ட ஒரு பெண் மனமுவந்து தந்த 16 முதல் 19 நாள் வரையான ஒரே ஒரு கருவின் 1,195 செல்களைத் தனித்தனியாகப் படித்து வெளியிட்டது. முதல் கோடு விழுந்த மனிதக் கருவின் செல்கள் என்னென்ன மரபணுக்களை இயக்குகின்றன என்று சொல்லும் முதல் ஆவணம் அதுதான். மனிதக் கேஸ்ட்ருலாய்டு செய்யும் ஆய்வகங்கள் பலவும் அந்த 1,195 செல்களோடு ஒத்துப் பார்க்கின்றன.

ஹன்னாவின் குழுவும் தங்கள் குடுவையில் திரண்டது 14ஆம் நாள் கருவைப் போல இருக்கிறதா என்று பார்க்கக் கார்னகி படங்களைத்தான் எடுத்து வைத்துக்கொண்டது. அந்தச் சேகரிப்பு இப்போது மேரிலாண்டில் சில்வர் ஸ்பிரிங்கில் ஒரு மருத்துவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அலமாரிகளில் வரிசை வரிசையாகக் கண்ணாடிச் சீவல்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். அவற்றில் சில, புரூக்லைனில் அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரங்களில் தேதிகளைக் குறித்துவைத்த அந்தப் பெண்களுடையவை. அவர்கள் கருவுற்றதே அவர்களுக்குத் தெரியாது. பெரும்பாலோருக்கு அப்போது நாள் தள்ளிப்போயிருக்கவில்லை.